கச்சான் (தென்மேற்குக்) காற்றில் பறக்கப் பழக எந்த சிமுலேட்டர்? குறைந்த செலவில் தேர்ந்தெடுப்பது பற்றிய விவாத இழை

நெய்தல்_தொண்டி:

அனைவருக்கும் வணக்கம். தொண்டிக்கு அருகே ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் அறிவியல் மன்றத்து மாணவர்கள் ஃபோம் அட்டையில் ஒரு ரேடியோ விமானம் செய்திருக்கிறார்கள். இறக்கையின் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். பேட்டரியோடு சேர்த்து எடை முக்கால் கிலோவுக்குள் இருக்கும். அதைப் பறக்கவிடும் பழக்கம் எங்களில் ஒருவருக்கும் இல்லாததால், முதலில் கணினியில் சிமுலேட்டர் (பறப்பதைத் திரையில் போலச் செய்து காட்டும் மென்பொருள்) வைத்துப் பழகிக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

எல்லாச் செலவுக்கும் சேர்த்து எங்களிடம் இருப்பது பத்தாயிரம் ரூபாய். கணினி என்றால், அரசு வழங்கிய பழைய மடிக்கணினிகள் இரண்டு உள்ளன. இரண்டிலும் 4 ஜிபி நினைவகம்தான், தனி கிராஃபிக்ஸ் அட்டை கிடையாது. ஒன்றில் விண்டோஸ் 10 இருக்கிறது. மற்றொன்றில் லினக்ஸ் மட்டுமே ஓடுகிறது. "22 மென்பொருள்கள் ஒரே டாங்கிளில்" என்று, கணினியில் செருகும் ஒரு சிறு கருவியைச் சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் விற்கிறார்களே, அது போதுமா? கணினி விளையாட்டுக்குப் பயன்படுத்தும் கேம்பேடு ஒன்று மாணவர் ஒருவரிடம் இருக்கிறது. அதை வைத்தே பழகலாமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கீழக்கரை_கிளைடர்:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். உங்களிடம் இருக்கும் பத்தாயிரத்தில் மென்பொருளுக்கு ஒரு ரூபாய் கூடச் செலவிடாதீர்கள், முழுவதையும் டிரான்ஸ்மிட்டருக்கு (விமானத்தை இயக்கக் கையில் பிடிக்கும் ரேடியோ கருவி) கொடுங்கள் என்பதே என் ஆலோசனை. சிமுலேட்டர் எது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் திரையில் தெரியும் காட்சியின் அழகை வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். ஆனால் பழக வேண்டியவை விரல்கள். நாளை உண்மையான விமானத்தை எந்த ஸ்டிக்கைப் பிடித்து ஓட்டப் போகிறீர்களோ, அதே ஸ்டிக்கில் இன்று திரை விமானத்தை ஓட்டினால்தான் அந்தப் பழக்கம் கைகூடும்.

கேம்பேடு வேண்டாம் என்று சொல்வதற்கும் காரணம் அதுதான். அதன் குச்சிகள் குட்டையானவை என்பதால், கட்டைவிரல் ஓர் அரிசி அளவு நகர்ந்தாலே ஐலரான் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கை மடல்) பாதி திரும்பிவிடும். மேலும் அதன் இரண்டு குச்சிகளும் விட்டவுடன் நடுவுக்கு வந்து நிற்கும். விமான டிரான்ஸ்மிட்டரில் மோட்டார் வேகத்தை மாற்றும் த்ராட்டில் மட்டும் வைத்த இடத்திலேயே நிற்க வேண்டும். கேம்பேடில் பழகிய மாணவன், விரலை எடுத்தால் மோட்டார் பாதி வேகத்துக்கு வந்துவிடும் என்ற நினைப்பிலேயே திடலுக்கு வருவான்.

சிமுலேட்டருக்கென்றே விற்கும் யுஎஸ்பி கன்ட்ரோலர்களும் உண்டு. அவை விலை குறைவு என்றாலும் அவற்றில் ரேடியோ கிடையாது. விமானம் பறக்கும் நாளில் அலமாரிக்குத்தான் போகும். ஆகவே உங்களுக்கு நான் சொல்லக்கூடிய வழிகள் இரண்டு.

முதல் வழி ஃபிளைஸ்கை எஃப்எஸ்-ஐ6. விமானத்தில் பொருத்தும் ரிசீவரோடு சேர்த்து ஒன்று நாலாயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய் வரையில் கிடைப்பதால், தேடி வாங்கினால் இரண்டு கூட வாங்கிவிடலாம். நான்கு பென்சில் பேட்டரிகளில் ஓடும். அதன் பின்புறத்தில் வட்டமான, நான்கு முள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். சிமுலேட்டர் கேபிள் அதில்தான் பொருந்தும். அந்தச் சாக்கெட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. இரண்டு டிரான்ஸ்மிட்டர்களை ஒரு கேபிளால் இணைத்து, ஒன்றை ஆசிரியர் நிலையிலும் மற்றதை மாணவர் நிலையிலும் வைத்துக்கொள்ளலாம். மாணவன் கையில் விமானம் தடுமாறினால், ஆசிரியர் தன் கையிலுள்ள சுவிட்சைத் தட்டியதும் கட்டுப்பாடு அவரிடம் வந்துவிடும். பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை.

இரண்டாவது வழி ரேடியோமாஸ்டர் பாக்கெட். விலை சற்றுக் கூடுதல் என்பதால் ஒன்றுதான் வாங்க முடியும்; ரிசீவருக்குத் தனிச் செலவும் உண்டு. ஆனால் அதன் ஸ்டிக்குகள் காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சாரில் இயங்குபவை என்பதால் உராய்ந்து தேயும் பாகம் அவற்றில் இல்லை. எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருளில் ஓடுவதால், சாதாரண யுஎஸ்பி-சி கேபிளைச் செருகி ஜாய்ஸ்டிக் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். தனி டாங்கிள் எதுவும் தேவையில்லை. எதை வாங்கினாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையாகப் பார்த்து வாங்குங்கள். வெளிநாட்டுப் பட்டியல்களில் காணப்படும் 915 மெகாஹெர்ட்ஸ் கருவிகள் நம் நாட்டில் உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதிக்கப்பட்ட அலைவரிசையில் இல்லை.

மென்பொருள் என்று வந்தால், விண்டோஸ் கணினியில் பிகாசிம் போட்டுக்கொள்ளுங்கள். அது இலவசம், பழைய கணினியிலும் தடங்கலின்றி ஓடும், காற்றையும் அதன் கொந்தளிப்பையும் நம் விருப்பப்படி மாற்றி அமைத்துக்கொள்ளலாம். லினக்ஸ் கணினிக்குத் திறந்த மூல மென்பொருளான சிஆர்ஆர்சிசிம் இருக்கிறது. அதன் காட்சி எளியதுதான், ஆனாலும் விமானம் ஏன் விழுந்தது என்பதை அது நேர்மையாகக் காட்டும்.

பரமக்குடி_பொறியியல்:

கீழக்கரை அண்ணன் சொல்வதில் டிரான்ஸ்மிட்டர் பற்றிய பகுதியை முழுமையாக ஏற்கிறேன். மென்பொருளுக்கு ஒரு ரூபாய் கூட வேண்டாம் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. எங்கள் கல்லூரி அணி ரியல்ஃபிளைட் என்ற கட்டணச் சிமுலேட்டரைப் பயன்படுத்துகிறது. மோட்டார் விமானம் தரையில் ஓடி, வால் தூக்கி, மேலெழும் அந்தச் சில நொடிகளில் ரட்டர் (வாலிலுள்ள திசைமாற்றி) எவ்வளவு வேண்டியிருக்கிறது என்பதை அதில் உணர முடிகிறது. இலவச மென்பொருள்களில் அந்த உணர்வு எனக்குக் கிடைக்கவில்லை. விமானத்தின் எடை, இறக்கைப் பரப்பு, ஈர்ப்பு மையம் ஆகியவற்றை மாற்றி, நாமே வடிவமைத்த மாதிரிக்கு நெருக்கமாகக் கொண்டுவரவும் முடிகிறது. ஆர்டுபைலட் தானியங்கிக் கட்டுப்பாட்டை அதனுடன் இணைத்துச் சோதிக்கலாம் என்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய வசதி.

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கினால், வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகவே ஓட்டியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த அவகாசத்தில் உங்கள் கணினி அதைத் தாங்குமா என்று பார்த்துவிடலாமே, ஐயா. பண்டிகைக் காலத் தள்ளுபடிகளும் அங்கே உண்டு.

கீழக்கரை_கிளைடர்:

தம்பி, கல்லூரிக்கு நீங்கள் சொல்வது சரி. ரியல்ஃபிளைட் தரமான மென்பொருள் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஆசிரியர் ஐயா கேட்டிருப்பது தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத, 4 ஜிபி நினைவகம் கொண்ட கணினிக்கு. நாம் ஸ்டிக்கை நகர்த்திய பிறகு திரையில் விமானம் சாய்வதற்கு ஒரு கணம் தாமதமானால், பழகுபவர் அந்தத் தாமதத்துக்கும் சேர்த்தே பழகிவிடுவார். விட்டுவிட்டு ஓடும் சிறந்த மென்பொருளைக் காட்டிலும் சீராக ஓடும் எளிய மென்பொருளே கற்பவருக்கு நல்லது.

ஓடுபாதை பற்றியும் ஒரு சொல். நம் பக்கத்தில் ஓடி எழும்பத் தரை எங்கே இருக்கிறது? கோடையில் வற்றிய கண்மாய்த் தரை வெடித்துக் கிடக்கும். கடற்கரை மணலில் சக்கரம் புதையும். இந்த எடையிலுள்ள ஃபோம் விமானத்தைக் கையால் எறிந்துதான் பறக்கவிடுகிறோம். வயிற்றை வைத்துத்தான் இறக்குகிறோம். எறிந்த முதல் மூன்று நொடிகளைப் பழகுவதற்கு பிகாசிமே போதும்.

சாயல்குடி_மின்னணு:

சாயல்குடியில் கைப்பேசி, கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அந்த டாங்கிள்கள் என் மேசைக்கு அடிக்கடி வருவதால் அவற்றைப் பற்றி விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

டாங்கிள் என்ற சாதனத்தில் தவறு ஏதுமில்லை. டிரான்ஸ்மிட்டரிலிருந்து வரும் துடிப்பு வரிசையைக் கணினிக்குப் புரியும் ஜாய்ஸ்டிக் சைகையாக மாற்றித் தருவதே அதன் வேலை. எஃப்எஸ்-ஐ6 வைத்திருப்பவர்களுக்கு அப்படி ஏதாவது ஒன்று தேவைப்படும். பிரச்சினை அதனுடன் வரும் குறுந்தகட்டிலும், பதிவிறக்கம் செய்யச் சொல்லும் இணைப்பிலும்தான் இருக்கிறது. அதில் உள்ள ரியல்ஃபிளைட்டின் பழைய பதிப்புகள், ஃபீனிக்ஸ் ஆர்சி முதலியவை உரிமம் உடைக்கப்பட்ட பிரதிகள். ஃபீனிக்ஸின் விற்பனையே நிறுத்தப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டதால், அதற்குத் திருத்தங்கள் வரப்போவதில்லை. நிறுவும்போது வைரஸ் தடுப்பை அணைத்துவிடுங்கள் என்று அதன் குறிப்பிலேயே எழுதியிருப்பார்கள். மாணவர்களின் மதிப்பெண் பட்டியல் இருக்கக்கூடிய பள்ளிக் கணினியில் அதைச் செய்யவே கூடாது, ஐயா. அதே தொகுப்பில் எஃப்எம்எஸ் என்ற பழைய இலவச மென்பொருளும் இருக்கும். அதற்குத் தேவையான ஒரு கோப்பு விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸுடன் வருவதில்லை என்பதால், அதுவும் எளிதில் ஓடாது.

ஆகையால் டாங்கிளை மட்டும் வைத்துக்கொண்டு குறுந்தகட்டை ஒதுக்கிவிடுங்கள். டாங்கிளின் பக்கவாட்டில் சிறு நகர்சுவிட்சு ஒன்று இருந்தால், கணினி அதைப் பொதுவான ஜாய்ஸ்டிக்காக அடையாளம் காணும் நிலையில் வையுங்கள். பிறகு விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் பக்கத்தைத் திறந்து, ஸ்டிக்கை மெதுவாக ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நகர்த்துங்கள். கோடு சீராக நகர வேண்டும். கை அசையாதபோதும் அது துடித்துக்கொண்டிருந்தால் கேபிளோ டாங்கிளோ சரியில்லை. அதை உடனே மாற்றித் தரச் சொல்லுங்கள். அந்தத் துடிப்போடு பழகினால் விமானம் தானாகவே ஆடுகிறது என்று மாணவர்கள் எண்ணிக்கொள்வார்கள்.

நெய்தல்_தொண்டி:

மிக்க நன்றி. டாங்கிளில் வரும் மென்பொருளை விட்டுவிடுகிறோம். பள்ளிக்கூடத்தில் திருட்டுப் பிரதியை வைத்துப் பாடம் நடத்துவதில் எனக்கும் உடன்பாடு இல்லை.

அடுத்த கேள்வி காற்றைப் பற்றியது. வைகாசி பிறந்துவிட்டால் இங்கே கச்சான் தொடங்கிவிடும். ஆவணி வரை பிற்பகலில் வெளியே காகிதம் நிற்காது. அது ஓய்ந்தால் ஐப்பசியில் வடகிழக்கிலிருந்து வாடை. காற்றே இல்லாத திடலில் பறப்பதாகக் காட்டும் சிமுலேட்டரில் பழகிவிட்டு எங்கள் ஊரில் பறக்கவிடுவதில் பொருள் இருக்கிறதா? காற்றை எந்த அளவில் வைத்துப் பழக வேண்டும்?

கீழக்கரை_கிளைடர்:

ஐயா, நம் கடற்கரைக்காரர்கள் சிமுலேட்டர் வாங்குவதற்கான உண்மையான காரணத்தை இப்போதுதான் தொட்டிருக்கிறீர்கள். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் சில நாட்கள் காற்றைச் சுழியத்தில் வையுங்கள். வலமும் இடமும் குழப்பமின்றி வரும் வரை அப்படியே இருக்கட்டும். விமானம் நம்மை நோக்கி வரும்போது அதன் வலது இறக்கை நம் இடப்பக்கம் இருக்கும் என்பதுதான் தொடக்கத்தில் எல்லோரையும் வீழ்த்துவது. எந்த இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கமாக ஸ்டிக்கைத் தள்ளினால் விமானம் நிமிர்ந்துவிடும் என்று சொல்லிக்கொடுங்கள். நம்மை நோக்கி வரும் விமானத்துக்கு அது பொருந்தும். அது கைக்கு வந்த பிறகு காற்றை மணிக்கு 10 கிலோமீட்டர், பிறகு 15, பிறகு 20 என்று ஏற்றுங்கள். மென்பொருள் காற்றின் வேகத்தை மீட்டர் கணக்கில் கேட்டால், நொடிக்கு 5 மீட்டர் என்பது மணிக்கு 18 கிலோமீட்டர். பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்தும் ஏற்பாடு இருந்தது நம் எல்லோருக்கும் தெரியும். உங்கள் முக்கால் கிலோ விமானத்துக்கு அதில் பாதிக் காற்றே அதிகம். திடலில் 20-ஐத் தாண்டினால் பெட்டியைத் திறக்காதீர்கள்.

இனி, பழகுபவர்களின் விமானத்தை நம் பக்கத்தில் அதிகமாகக் கீழே தள்ளுவது எது என்று சொல்கிறேன். விமானம் தன்னைச் சுற்றியுள்ள காற்றை ஒப்பிட்டுத்தான் பறக்கிறது. தரையை அது அறியாது. அதன் காற்றுவேகம் மணிக்கு 35 கிலோமீட்டர் என்றும், கச்சான் 20 கிலோமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். எதிர்க்காற்றில் வரும்போது தரைக்கணக்கில் அது 15 கிலோமீட்டரில் தவழ்வதுபோல் தெரியும். திரும்பிக் காற்றின் திசையில் போகத் தொடங்கியதும் 55 கிலோமீட்டரில் பாய்வதுபோல் தெரியும். தரையில் நிற்பவர், "ஐயோ, வேகமாகப் போகிறதே" என்று த்ராட்டிலைக் குறைப்பார், அல்லது மூக்கைத் தூக்குவார். உண்மையில் காற்றுவேகம் கூடவே இல்லை. குறைத்ததும் அது 25-க்குக் கீழே இறங்கிவிடும்; திருப்பத்தில் சாய்ந்திருக்கும் இறக்கை தாங்கு திறனை இழந்து, விமானம் மூக்குக் குத்தி விழும். பார்த்தவர்கள் காற்று தூக்கி எறிந்துவிட்டது என்பார்கள். எறிந்தது பறக்கவிட்டவரின் கண் கொடுத்த தவறான தகவல்.

இதை உங்கள் வகுப்பில் சார்பு வேகப் பாடமாகவே நடத்தலாம். கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகு, மாணவர் சிமுலேட்டரில் அதே திருப்பத்தைச் செய்து பார்க்கட்டும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பார்வை, தரையில் ஓர் இடத்தில் நிற்பவரின் பார்வையாக இருக்க வேண்டும். விமானத்தின் பின்னாலேயே தொடரும் பார்வையை வைத்தால் இந்தப் பாடம் கிடைக்கவே கிடைக்காது. விமானம் தூரம் போனதும் அதைப் பெரிதாக்கிக் காட்டும் தானியங்கி ஜூம் வசதியையும் அணைத்துவிடுங்கள். நம் கண்ணுக்கு அந்த வசதி இல்லை.

உங்கள் தொண்டிக்கும் எங்கள் கீழக்கரைக்கும் இதில் ஒரு வேறுபாடு உண்டு. தொண்டி கிழக்கே பாக் விரிகுடாவைப் பார்த்த ஊர் என்பதால், கச்சான் அங்கே நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். த்ராட்டில் நின்றுபோனாலோ பேட்டரி தீர்ந்தாலோ உங்கள் விமானம் அலைக்குத்தான் போய்ச் சேரும். கீழக்கரை தெற்கே மன்னார் வளைகுடாவைப் பார்த்தது. இங்கே அதே காற்று கடலிலிருந்து சாய்வாகக் கரைக்கு வரும், நின்றுபோன விமானம் பனங்காட்டுப் பக்கம் ஒதுங்கும். வாடை அடிக்கும்போது இருவர் நிலையும் மாறிவிடும். ஆகையால் சிமுலேட்டரில் காற்றின் திசையை உங்கள் திடலின் திசைக்கு ஏற்ப அமைத்துக்கொண்டு, எப்போதும் காற்று வரும் பக்கத்திலேயே வட்டமிடப் பழகுங்கள். இடையிடையே மோட்டாரை நிறுத்திவிட்டு, இருக்கும் உயரத்தை வைத்தே நிற்கும் இடத்துக்குத் திரும்பி வர முடிகிறதா என்று பாருங்கள். அது வந்துவிட்டால் உங்கள் மாணவர்கள் கரையில் பறக்கத் தகுதி பெற்றுவிட்டார்கள் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

இறங்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தரையை நெருங்க நெருங்கக் காற்றின் வேகம் குறையும். எதிர்க்காற்றை நம்பி மெதுவாக இறங்கிவரும் விமானத்துக்கு, தலை உயரத்தில் அந்தக் காற்று குறைந்துபோனால் காற்றுவேகமும் சேர்ந்து குறையும். விமானம் திடீரென்று அமிழும். ஆகவே காற்று நாளில் சற்றுக் கூடுதல் வேகத்தோடு இறக்க வேண்டும்.

ஏர்வாடி_பட்டம்:

மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்கிறேன். சிமுலேட்டரில் நன்றாகப் பறக்கும் பிள்ளைகள் திடலுக்கு வந்ததும் திகைத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். திரையில் ஆழம், அதாவது விமானம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது, தெரியாது. கடல்நீரில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும் வெயில் அங்கே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, விழுந்தால் ஒரு பொத்தானை அழுத்தியதும் விமானம் மீண்டும் முழுதாக வந்து நிற்கிறது. அச்சமில்லாமல் கற்ற கை, அச்சம் வந்ததும் நடுங்குகிறது. அந்தப் பணத்துக்கு, மோட்டாரே இல்லாத கையெறி ஃபோம் கிளைடர்கள் சிலவற்றை வாங்கிக் கொடுத்து, ஈர்ப்பு மையத்தை நகர்த்தி நகர்த்திப் பறக்கவிடச் சொன்னால் பிள்ளைகள் அதிகம் கற்பார்கள் என்பது என் நம்பிக்கை.

கீழக்கரை_கிளைடர்:

நண்பர் சொல்லும் குறைகள் உண்மையானவை; ஆழம் தெரியாதது பற்றி அவர் சொன்னதை நான் மறுக்கவே மாட்டேன். கையெறி கிளைடரும் கட்டாயம் வேண்டும். மூக்கில் எவ்வளவு பாரம் வைத்தால் விமானம் நேராக வழுக்கிச் செல்லும் என்பதைக் கையால் அறிந்த மாணவனுக்கு எந்த மென்பொருளும் ஈடாகாது. ஆனால் வலது இடது குழப்பத்தை மட்டுமே எடுத்துக்கொள்வோம். அது நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்பச் செய்தால் மட்டுமே போகும் குழப்பம். அத்தனை முறையும் உண்மை விமானத்தில் செய்ய வேண்டும் என்றால் மோட்டார் தண்டு வளையும், மடல்களை அசைக்கும் சர்வோவின் பல் உடையும், மூக்கில் அடிபட்ட லிப்போ பேட்டரி உப்பிப்போகும். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கக் கூடியது. பள்ளியில் அந்த ஆபத்தை வரவழைக்கக் கூடாது.

பொத்தான் பற்றிய கவலைக்கு ஓர் ஏற்பாடு செய்யலாம். விமானம் விழுந்தால் உடனே மீட்டெடுக்காமல், டிரான்ஸ்மிட்டரை அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்ற விதியை வைத்துவிடுங்கள். விழுந்தவர், ஏன் விழுந்தது என்று குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிய பிறகே தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். தன் முறை போய்விடும் என்ற கவலையே போதுமான அளவு கையைக் கட்டுப்படுத்தும்.

ஏர்வாடி_பட்டம்:

குறிப்பேட்டு யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. அப்படியென்றால் கிளைடர், சிமுலேட்டர் இரண்டும் ஒரே வாரத்தில் தொடங்கட்டும். ஆசிரியருக்கு வேண்டுமானால் ஈர்ப்பு மையப் பயிற்சிக்கான கிளைடரின் வரைபடத்தைத் தனியே அனுப்புகிறேன்.

உச்சிப்புளி_வாசி:

பறக்கும் இடத்தைப் பற்றி இதுவரை எவரும் எழுதவில்லை என்பதால் குறுக்கிடுகிறேன். உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானத் தளம் இருக்கிறது. 2009 முதல் அந்தப் பெயரில் இயங்குகிறது. மண்டபத்தில் கடலோரக் காவல்படை இருக்கிறது. தனுஷ்கோடிக்கு அப்பால் பன்னாட்டுக் கடல் எல்லை அருகிலேயே வருகிறது. நம் மாவட்டக் கடற்கரை, விளையாட்டு விமானத்தை நினைத்த இடத்தில் எடுத்துவிடக்கூடிய கரை அன்று.

2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் நான்கு சுழலி கொண்ட டிரோன்களுக்கு மட்டும் உரியவை அல்ல. ஆளில்லாமல் பறக்கும் இறக்கை விமானங்களும் அவற்றில் அடங்கும். 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரையுள்ளவை மைக்ரோ வகை. வணிக நோக்கமின்றி அந்த வகையைப் பறக்கவிடுபவருக்குத் தொலை விமானி சான்றிதழ் தேவையில்லை என்றாலும், வான்வெளி வரைபடம் எல்லோருக்கும் பொதுவானது. சிவப்புப் பகுதியில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது. மஞ்சள் பகுதியில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். பச்சைப் பகுதியில் பொதுவாக 400 அடி உயரம் வரை பறக்கலாம். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் உங்கள் திடல் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பறக்கும் நாளன்று காலையிலேயே பாருங்கள், ஏனென்றால் நிறங்கள் மாற்றப்படலாம். பள்ளித் தலைமையாசிரியர் வழியாகக் காவல் நிலையத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்துவிடுவது எல்லோருக்கும் நல்லது. தீவுகளின் பக்கம் போகவே வேண்டாம். அவை மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. வாடைக் காலத்தில் வலசைப் பறவைகள் இறங்கும் கண்மாய்களையும் தவிர்த்துவிடுங்கள்.

இப்படி இடமும் நாளும் குறைவாகக் கிடைக்கும் ஊரில், சிமுலேட்டரில் கழிக்கும் மணிகள் உள்ளூர்ப் பகுதிக்காரர்களுக்கு இரட்டிப்புப் பயன் தரும் என்பது என் எண்ணம்.

பாம்பன்_குவாட்:

இங்கே பேசுவது இறக்கை விமானத்தைப் பற்றி என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மாணவர்களில் எவராவது பின்னால் நான்கு சுழலிக்கு மாற நினைத்தால், லிஃப்ட்ஆஃப், வெலோசிட்ரோன் போன்ற கட்டண மென்பொருள்கள் அதற்கென்றே உள்ளன. ஹெலிகாப்டருக்கு ஹெலி-எக்ஸ் இருக்கிறது; அது லினக்ஸிலும் ஓடும். எதற்கு மாறினாலும் டிரான்ஸ்மிட்டர் அதுவே என்பதால், பணத்தை அதில் போடச் சொன்ன கருத்தை நானும் வழிமொழிகிறேன்.

நெய்தல்_தொண்டி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. எஃப்எஸ்-ஐ6 இரண்டு வாங்குவது என்றும், விண்டோஸ் கணினியில் பிகாசிமும் லினக்ஸ் கணினியில் சிஆர்ஆர்சிசிமும் வைப்பது என்றும் முடிவெடுத்துவிட்டோம். பரமக்குடித் தம்பியின் கல்லூரிக்கு ஒரு நாள் மாணவர்களை அழைத்துவந்து ரியல்ஃபிளைட்டையும் பார்க்க விரும்புகிறோம். திடலின் நிறத்தை உச்சிப்புளி நண்பர் சொன்னபடி வரைபடத்தில் சரிபார்த்து, தலைமையாசிரியரிடம் கடிதமும் பெற்றுக்கொள்கிறேன்.

கடைசியாக ஓர் ஐயம். வாங்கும்போது மோட் 1, மோட் 2 என்று கேட்கிறார்களே, எதைச் சொல்வது? மேலும், சிமுலேட்டருக்கென்று டிரான்ஸ்மிட்டரில் ஏதேனும் தனியாக அமைக்க வேண்டுமா?

பரமக்குடி_பொறியியல்:

தாராளமாக வாருங்கள், ஐயா. சனிக்கிழமைகளில் எங்கள் பட்டறை திறந்திருக்கும். முன்கூட்டியே ஒரு செய்தி அனுப்பினால் போதும். மோட் 2 என்று சொல்லி வாங்குங்கள். அதில் இடது ஸ்டிக் த்ராட்டிலும் ரட்டரும், வலது ஸ்டிக் எலிவேட்டரும் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) ஐலரானும். நம் நாட்டில் பெரும்பாலோர் அதில்தான் பறக்கிறார்கள் என்பதால், திடலில் இன்னொருவர் உதவிக்கு டிரான்ஸ்மிட்டரைக் கையில் வாங்கும்போது குழப்பம் வராது. இரண்டு டிரான்ஸ்மிட்டர்களும் ஒரே மோடாக இருக்க வேண்டும் என்பதையும் கடைக்காரரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

கீழக்கரை_கிளைடர்:

அமைப்பைப் பொறுத்தவரை, டிரான்ஸ்மிட்டரின் நினைவகத்தில் சிமுலேட்டருக்கென்று ஒரு மாடலை (ஒரு விமானத்துக்கான அமைப்புத் தொகுப்பு) தனியாக ஒதுக்குங்கள். அதில் டிரிம் (ஸ்டிக்கின் நடுநிலையைச் சற்று நகர்த்தும் திருத்தம்) எல்லாம் நடுவில் இருக்கட்டும், ஒரு ஸ்டிக்கால் வேறு மடலையும் அசைக்கும் கலவைகள் எதுவும் வேண்டாம், ஸ்டிக்கின் முழு வீச்சும் அப்படியே போகட்டும். பிறகு மென்பொருளுக்குள் போய் ஸ்டிக்குகளை ஓரம் முதல் ஓரம் வரை சுழற்றி அளவீடு செய்து, எந்தச் சேனல் எதை இயக்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பொருத்துங்கள். உண்மை விமானத்துக்கான மாடலை அதோடு கலக்காதீர்கள். சிமுலேட்டரில் ஐலரான் எதிர்ப்பக்கம் போகிறது என்று டிரான்ஸ்மிட்டரில் திருப்பிவிட்டு, அதே மாடலோடு திடலுக்குப் போனால், எறிந்த கையிலிருந்து விமானம் நேராகத் தரைக்குப் போகும். திசை மாற்ற வேண்டியிருந்தால் மென்பொருளுக்குள்ளேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

கணினியை வகுப்பறைத் தொலைக்காட்சியோடு இணைப்பதாக இருந்தால், தொலைக்காட்சியில் கேம் மோட் என்ற அமைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் படம் ஒரு கணம் பிந்தி வரும். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும், அதற்குமேல் கை சோர்ந்துவிடும். திடலுக்குப் போய்வந்த பிறகு மோட்டாரையும் கனெக்டர்களையும் உலர்ந்த துணியால் துடைத்து, டிரான்ஸ்மிட்டரை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். உப்புக் காற்று பட்ட சாக்கெட்டில் பச்சை பூத்துவிட்டால் சிமுலேட்டர் கேபிளும் தொடர்பு கொடுக்காது. கேபிள் வந்ததும் கேம் கன்ட்ரோலர் பக்கத்தில் கோடு எப்படி நகர்கிறது என்று ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.